ரிப்பேரோடு நிற்கும் பழைய ஜீப்பை விற்கப் போறீங்களா? இதைப் படிச்சுட்டு சாவியைக் கொடுங்க!

வீட்டு வாசல்ல, வேப்ப மரத்தடியில அந்த வண்டி நிற்கும். ஒருகாலத்துல அப்பா அதுலதான் தோட்டத்துக்குப் போவார். மழைக்காலத்துல ஊரே சேத்துல மாட்டினாலும் அது மட்டும் ஏறி வந்துடும். இப்போ பேட்டரி டவுன். கீழே ஆயில் சொட்டு. ஒரு டயர் காத்து இறங்கி ஒரு பக்கமா சாஞ்சு நிற்குது. "இதை வித்துத் தொலைங்கப்பா"ன்னு அம்மா ஆறு மாசமா சொல்லிட்டிருக்காங்க.

மஹிந்திராவின் பழைய ஜீப்போ, 2010-ல் வந்த முதல் தலைமுறை தாரோ, மாருதி ஜிப்ஸியோ, பொலேரோ ஃபோர் பை ஃபோரோ... எதுவாக இருந்தாலும் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை விற்பது, பழைய ஸ்விஃப்ட்டை விற்பது மாதிரி இல்லை. வாங்க வருபவர்கள் வேறு, அவர்கள் பார்க்கும் இடங்கள் வேறு, பேப்பரில் வரும் சிக்கல்களும் வேறு. அதிலும் வண்டி ரிப்பேரில் இருந்தால், பலரும் ரெண்டு தப்பு பண்றாங்க. ஒண்ணு, குறையை மறைக்கிறது. இன்னொண்ணு, காசு கைக்கு வந்ததும் பேப்பரை மறந்துடறது. முதல் தப்புக்கு விலை குறையும். இரண்டாவது தப்புக்கு கோர்ட் படி ஏற வேண்டி வரலாம்.

முதலில் வண்டியின் நிலவரத்தை எழுதுங்கள்

விலை யோசிப்பதற்கு முன்னால், நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டுங்கள். கார் மெக்கானிக் எல்லோருக்கும் ஃபோர் பை ஃபோர் பழக்கம் இருக்காது. ஜீப் வேலை தெரிந்தவராகப் பாருங்கள். மலையடிவார ஊர்களில் இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம்.

அவரிடம் கேட்க வேண்டியவை: இன்ஜின் சத்தமும் புகையும் எப்படி இருக்கு? கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஆயில் கசிவு இருக்கா? புரொப்பெல்லர் ஷாஃப்ட் யு.ஜே. கிராஸில் ஆட்டம் இருக்கா? முன் ஆக்ஸில் ரப்பர் பூட் கிழிஞ்சிருக்கா? லீஃப் ஸ்பிரிங் பட்டை உடைஞ்சிருக்கா? ஸ்டீயரிங்கில் ப்ளே எவ்வளவு? கடைசியா, சேஸியில் துரு எங்கெல்லாம் இருக்கு? இன்ஜினை வேலை பார்த்துவிடலாம். சேஸி அரித்துப் போயிருந்தால் வண்டியின் மதிப்பே பாதாளத்துக்குப் போய்விடும்.

ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவாகும் என்று எஸ்டிமேட் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் இன்னொரு ஒர்க்‌ஷாப்பிலும் ஒன்று. இந்தத் தாள்தான் பின்னால் விலை பேசும்போது உங்களுக்குத் துணை.

ஃபோர் பை ஃபோர் வேலை செய்யுதா?

இதுதான் வாங்க வருபவர் கேட்கப்போகும் முதல் கேள்வி. "அதெல்லாம் சூப்பரா வேலை செய்யும் சார்" என்று சொல்லிவிட்டு, அவர் முன்னால் லிவரை இழுத்து அது அசையாமல் நின்றால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார். பல வருஷம் தொடாமலே விட்ட லிவர் இறுகிப்போவது ரொம்ப சகஜம்.

அதனால் நீங்களே முன்கூட்டி சோதித்துப் பாருங்கள். ஆனால், தார் ரோட்டில் வேண்டாம். இந்தப் பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றில், ஃபோர் வீல் போட்டதும் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும். திரும்பும்போது முன் சக்கரங்கள் கூடுதல் தூரம் ஓட வேண்டும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லாததால் அந்த இறுக்கம் முழுவதும் ஷாஃப்ட், கியர் மேல் ஏறும். லிவர் திரும்ப வராமல் மாட்டிக்கொள்ளும்.

மண் தரையிலோ, புல்வெளியிலோ வண்டியை நிறுத்தி ஃபோர் ஹை போட்டு, முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். பிறகு நிறுத்திவிட்டு ஃபோர் லோ. ஜிப்ஸி போன்ற சில வண்டிகளில் முன் சக்கரத்தின் நடுவில் இருக்கும் லாக்கிங் ஹப்பைக் கையால் திருப்பினால்தான் முன் சக்கரத்துக்கு இழுவை வரும். அதை மறந்துவிட்டு "ஃபோர் வீல் போச்சு" என்று நினைத்தவர்கள் நிறைய. நான்கு டயரும் ஒரே அளவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அளவு மாறியிருந்தால் ஃபோர் வீலில் இழுவை முரண்டு பிடிக்கும்.

வேலை செய்தால், மொபைலில் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். பத்து போட்டோவைவிட அந்த ஒரு வீடியோ அதிகம் பேசும்.

எதைச் சரி செய்யணும், எதை விடணும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு, உங்கள் வண்டி நல்ல நிலையில் இருந்தால் 4 லட்சம் போகும்னு வெச்சுக்கோங்க. எஸ்டிமேட் 90,000 ரூபாய். நீங்கள் அப்படியே விற்றால் 3,10,000 கிடைக்கணும். ஆனால் கிடைக்காது. "பிரிச்சுப் பார்த்தா இன்னும் என்னென்ன வருமோ" என்ற பயத்துக்கும் சேர்த்து 2,70,000-தான் கேட்பார்கள்.

சரி, நாமே 90,000 செலவு பண்ணிடலாமா? இன்ஜினைப் பிரித்த பிறகு எஸ்டிமேட் அப்படியே நிற்பது அபூர்வம். அது 1,30,000 ஆகிவிட்டால், 4 லட்சத்துக்கே விற்றாலும் உங்கள் கையில் நிற்பது அதே 2,70,000. இடையில் இரண்டு மாச அலைச்சல்தான் மிச்சம்.

ஆக, வாங்குபவர் பயப்படுவது தெரிந்த ரிப்பேருக்கு இல்லை, தெரியாத ரிப்பேருக்கு. அந்தத் தெரியாததைக் குறைக்கும் சின்னச் செலவுகளை மட்டும் செய்யுங்கள்.

செய்யலாம்: பேட்டரி, டயர் காத்து, பஞ்சர், பல்பு, ஹாரன், வைப்பர், பிரேக், கூலன்ட் ஹோஸ், ஆயில் சர்வீஸ். வண்டி ஒரே கிராங்க்கில் ஸ்டார்ட் ஆகி, நகர்ந்து, நிற்க வேண்டும். ஓடாத வண்டியை இழுத்துட்டுப் போற செலவு, சந்தேகம் எல்லாமே விலையிலதான் கழியும்.

வேண்டாம்: இன்ஜின் வேலை, கியர்பாக்ஸ் வேலை, முழு டிங்கரிங், புது பெயின்ட். பழைய ஜீப்பில் பளபளன்னு புது பெயின்ட் பார்த்தால், "உள்ளே எவ்வளவு துருவை மூடியிருக்காங்களோ" என்றுதான் விவரம் தெரிந்தவருக்குத் தோன்றும். சேஸிக்குக் கறுப்பு பெயின்ட் அடிப்பதும் அப்படித்தான்.

பெரிய டயர், பம்பர், லைட் பார்: அழகா, ஆபத்தா?

ஜீப் வைத்திருப்பவர்கள் சும்மா இருக்கமாட்டோம். பெரிய டயர், இரும்பு பம்பர், உயர்த்திய சஸ்பென்ஷன் என்று ஏதாவது மாட்டியிருப்போம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி-யில் உள்ள விவரங்கள் நிறுவனம் கொடுத்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. முன்னால் மாட்டும் புல் பாருக்கு எதிராக மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது. நீங்கள் செலவு செய்த 80,000 ரூபாய் ஆக்சஸரீஸ், வாங்குபவர் கண்ணுக்கு ஃபைன் கட்டும் செலவாகவும் தெரியலாம். ஒரிஜினல் பம்பரும் வீலும் வீட்டில் இருந்தால் திரும்ப மாட்டிவிடுங்கள். எக்ஸ்ட்ரா பொருள்களைத் தனியாக விற்றால், பெரும்பாலும் கூடுதல் காசு கிடைக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம், இன்ஜின் மாற்றம். நம்ம ஊரில் பெட்ரோல் ஜீப்பில் டீசல் இன்ஜின் ஏற்றுவது காலங்காலமாக நடப்பதுதான். ஆனால் ஆர்.சி-யில் இன்ஜின் நம்பரும் எரிபொருளும் மாற்றப்பட்டிருக்கிறதா? மிலிட்டரி டிஸ்போசல் வண்டி என்றால் ஆவணங்கள் முழுசாக இருக்கிறதா? சேஸி நம்பர் துருப்பிடிக்காமல் படிக்கிற மாதிரி இருக்கா? இது மூன்றும் சரியில்லை என்றால் பெயர் மாற்றம் நின்றுபோகும். விளம்பரம் போடும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

பேப்பர்: வண்டியைவிட இதுதான் முக்கியம்

ஆர்.சி. உயிரோடு இருக்கா? சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம். பிறகு, வண்டியைக் காட்டி 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பம் படிவம் 25. 2022 ஏப்ரலிலிருந்து காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட்டில் அது 10,000 ஆனது. தாமதமானால் மாசத்துக்கு 500 ரூபாய் கூடும். பசுமை வரி தனி. ஆர்.சி. முடிந்த வண்டியை ரோட்டில் ஓட்டவே கூடாது, டெஸ்ட் டிரைவுக்கும் சேர்த்துத்தான். டெல்லியில் இருப்பது போல 10 வருஷ டீசல் வண்டிக்குத் தடை இங்கே இல்லை. அதனால் புதுப்பித்த பழைய டீசல் ஜீப்புக்கு நம்ம ஊரில் இன்னும் ஆள் இருக்கு.

லோன் முடிஞ்சுதா? ஈ.எம்.ஐ. கட்டி முடித்து வருஷங்கள் ஆகியிருக்கலாம். ஆனால் ஆர்.சி-யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் அப்படியே இருக்கும். என்.ஓ.சி-யும் படிவம் 35-ம் வாங்கி அதை நீக்குங்கள்.

ஃபைன் பாக்கி இருக்கா? பரிவாஹன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு இ-சலான் பாருங்கள். வாங்குபவர் பார்ப்பதற்கு முன் நீங்கள் பார்த்துக் கட்டிவிடுவது மரியாதை.

இன்ஷூரன்ஸ் இருக்கா? குறைந்தபட்சம் தேர்ட் பார்ட்டியாவது நடப்பில் இருக்க வேண்டும். இத்தனை வருஷம் கிளெய்ம் செய்யாமல் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். விற்றபின் கம்பெனியிடம் அதற்கான சான்றிதழ் வாங்கினால் 3 வருஷத்துக்குள் வாங்கும் உங்கள் அடுத்த காரின் பாலிசியில் பயன்படுத்தலாம்.

வண்டி அப்பா பெயரில் இருந்து, அப்பா இப்போது இல்லையா? வீட்டில் எல்லோரும் சம்மதித்தாலும் நீங்கள் நேரடியாக விற்க முடியாது. இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நாள் கடந்திருந்தாலும் அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் விற்பனைக்கு வர வேண்டும். "அப்பா முன்னாடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஃபார்ம் இருக்கு"ன்னு யாராவது வழி சொன்னால், கேட்காதீங்க.

யார் வாங்குவாங்க?

தோட்டக்காரர்கள்: கொடைக்கானல், வால்பாறை, ஏற்காடு, கொல்லிமலை, தேனி பக்கம் எஸ்டேட் வைத்திருப்பவர்கள். வண்டியின் அழகைப் பார்க்கமாட்டார்கள். ஏறுமா, பாரம் இழுக்குமா, பார்ட்ஸ் கிடைக்குமா... அவ்வளவுதான்.

ஆஃப் ரோடு ஆர்வலர்கள்: இன்ஜின் போயிருந்தாலும் கவலைப்படமாட்டார்கள். சேஸியும் பேப்பரும் சுத்தமாக இருக்கணும். ரிப்பேர் வண்டிக்கு நல்ல விலை தரக்கூடியவர்கள் இவர்கள்தான். ஆனால் உங்களைவிட அவர்களுக்கு வண்டி பற்றி அதிகம் தெரியும்.

மெக்கானிக், டீலர்: உடனே காசு, குறைவான விலை. டீலரிடம் கொடுத்தால், 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிப்படி அங்கீகாரம் பெற்ற டீலரா என்று கேளுங்கள். அப்படிப்பட்டவரிடம் வண்டியை ஒப்படைப்பதைப் படிவம் 29சி மூலம் ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவிக்கலாம். அதன்பின் வண்டிக்கான பொறுப்பு அவருடையது.

பார்ட்ஸ் கிடைப்பது விலையைத் தீர்மானிக்கும். மஹிந்திரா ஜீப் என்றால் சின்ன டவுனில்கூட பார்ட்ஸ் உண்டு. சென்னை புதுப்பேட்டையில் பழைய பார்ட்ஸும் கிடைக்கும். மிட்சுபிஷி பஜேரோ நம்ம திருவள்ளூர் ஆலையில் அசெம்பிள் ஆன வண்டிதான். ஆனாலும் அந்த நிறுவனம் இப்போது இங்கே கார் விற்பதில்லை. அதனால் வாங்குபவர் "பார்ட்ஸ் எங்கே?" என்று கேட்பார். நீங்கள் வழக்கமாக வாங்கும் கடையின் விவரம் கையில் இருக்கட்டும்.

விளம்பரத்துல குறையை முதல்ல சொல்லுங்க

இப்படி எழுதிப் பாருங்கள்:

"2012 தார், ஃபோர் பை ஃபோர், டீசல், இரண்டாவது ஓனர். இன்ஷூரன்ஸ் நடப்பில். லோன் இல்லை. ஃபோர் ஹை, ஃபோர் லோ வேலை செய்கிறது, வீடியோ உண்டு. குறைகள்: கிளட்ச் மாற்ற வேண்டும், டிரான்ஸ்ஃபர் கேஸில் ஆயில் கசிவு, டிரைவர் பக்க ஃப்ளோரில் துரு. ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் காட்டப்படும்."

குறையைச் சொன்னால் போன் வருவது குறையும். ஆனால் வருகிறவர் அதைத் தெரிந்துகொண்டே வருவார். வந்து நின்று "அய்யோ, கிளட்ச் போயிருக்கே" என்று 50,000 குறைக்க முடியாது. ஏன்னா, விலையிலேயே அது கழிஞ்சுதான் இருக்கு. துருவையும் கசிவையும் கிட்டத்தில் போட்டோ எடுத்துப் போடுங்கள்.

டெஸ்ட் டிரைவ், பணம்: உஷார்!

ஓட்டிப் பார்க்க வருபவரின் லைசென்ஸைப் பாருங்கள். நீங்களும் கூடவே உட்காருங்கள். வண்டியில் என்ன குறையோ, அதை ஸ்டார்ட் செய்யும் முன்பே சொல்லுங்கள். பிரேக் சரியில்லாத வண்டியை யாருக்கும் ஓட்டக் கொடுக்காதீர்கள். அது விற்பனை விஷயமில்லை, உயிர் விஷயம்.

"நான் மிலிட்டரியில இருக்கேன், வண்டியைப் பார்க்க வர முடியாது, அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று போன் வந்தால் கட் பண்ணிடுங்க. உங்களுக்குப் பணம் வருவதற்கு நீங்கள் எதையும் ஸ்கேன் செய்யத் தேவையில்லை, பின் நம்பரும் போடத் தேவையில்லை. ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. பேங்க் டிரான்ஸ்ஃபர்தான் இரண்டு பேருக்கும் நல்லது. பணம் கணக்கில் ஏறியதை உங்கள் பேங்க் ஆப்பில் பார்த்த பிறகே சாவி.

பெயர் மாறும்வரை வண்டி உங்களுடையதுதான்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

2018-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு விபத்து வழக்கு வந்தது. வண்டி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு, அவரிடமிருந்து மற்றொருவருக்கு என்று கைமாறியிருந்தது. ஆனால் ஆர்.சி-யில் பெயர் மாறவே இல்லை. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான் என்று நீதிமன்றம் சொன்னது. எப்போதோ விற்று மறந்த வண்டி, யாரோ ஓட்டிய வண்டி. பொறுப்பு மட்டும் பழைய ஓனருக்கு.

ரிப்பேர் வண்டியில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். வாங்குபவர் "ரெடி பண்ணிட்டு அப்புறம் பேர் மாத்திக்கறேன்" என்பார். ரெடியாக ஒரு வருஷம் ஆகும். அதற்குள் அவர் வேறொருவருக்கு விற்றிருப்பார். அதனால்:

1. படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்து போடுங்கள். வெறும் ஃபார்மில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

2. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் நீங்கள் ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இடுக்கி பக்கத்திலிருந்து ஒருவர் வாங்கினால் அது வேறு மாநிலம். படிவம் 28-ல் என்.ஓ.சி. எடுக்க வேண்டும்.

3. டெலிவரி நோட் எழுதுங்கள். தேதி மட்டும் போதாது, நேரமும் வேண்டும். கிலோமீட்டர், சொல்லப்பட்ட குறைகள், "உள்ள நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற வரி, இருவர் கையெழுத்து, ஆதார் நகல். ஒரு பிரதி உங்களிடம்.

4. ஃபாஸ்டேகை மூடுங்கள். இல்லாவிட்டால் அவர் போகும் ஒவ்வொரு டோலுக்கும் உங்கள் பணம் போகும்.

5. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள்.

6. ஒரு மாதம் கழித்து எம்பரிவாஹன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். ஓனர் விவரம் மாறியிருக்கிறதா? மாறும்வரை விற்பனை முடியவில்லை என்றே அர்த்தம். முடிந்தால், கடைசி 10,000 ரூபாயைப் பெயர் மாறியதும் வாங்கிக்கொள்வதாகப் பேசிக்கொள்ளுங்கள். வாங்கியவரை அது சீக்கிரமே ஆர்.டி.ஓ. பக்கம் போக வைக்கும்.

யாருமே வாங்கலைன்னா?

சேஸி அரித்து, பேப்பர் புதுப்பிக்க முடியாத நிலையில் இருந்தால் ஸ்க்ராப்தான் வழி. பக்கத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டால், இரும்புதான் போகும், உங்கள் பெயரில் பதிவு அப்படியே இருக்கும். அந்த நம்பரும் சேஸி பிளேட்டும் எந்த வண்டியில் போய் ஒட்டும் என்று யாருக்கும் தெரியாது. 2021 விதிகளின்படி பதிவு பெற்ற ஸ்க்ராப் மையத்தில் கொடுத்தால், வைப்புச் சான்றிதழ் ஒன்று தருவார்கள். பதிவும் ரத்தாகும். அந்தச் சான்றிதழைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் சாலை வரியில் சலுகை கேட்கலாம்.

வித்த பிறகு வேப்ப மரத்தடி காலியாத்தான் இருக்கும். கொஞ்ச நாள் கண்ணு அங்கேதான் போகும். அது வேற எங்கேயோ ஒரு மலைப்பாதையில சேத்தைக் கிழிச்சுட்டுப் போறதா நினைச்சுக்கோங்க. ஆனா, அது வேறொருத்தர் பேர்ல போகுதான்னு ஆப்பைத் திறந்து ஒரு தடவை பார்த்துட்டு நினைங்க!